கண் பெற்ற பின்னர்

கதைகளிலும் நாடகங்களிலும் பார்வை இழந்த ஒருவர் மீண்டும் கண் பெறும் காட்சியை நம்மிற் பலர் கண்டிருப்பர். மருத்துவர் கட்டை மெல்ல அவிழ்க்கின்றார், சுற்றத்தார் மூச்சடக்கி நிற்கின்றனர், நோயாளர் இமை திறந்து முதன்முதலில் தாயின் முகத்தைக் காண்கின்றார், யாவரும் உவகைக் கண்ணீர் வடிக்கின்றனர், திரை விழுகின்றது. உண்மை வாழ்க்கையிலோ, திரை விழும் அவ்விடத்திலேதான் கதை தொடங்குகின்றது. அத்தொடக்கத்திற்குப் பின் நிகழ்வன யாவை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

சென்ற ஆண்டுக்கு முந்திய மார்கழித் திங்களில் எனது வலக்கண்ணிற் கருவிழிப்படல மாற்று மருத்துவம் செய்யப்பெற்றது. கல்லூரிக்குத் திரும்பிய நாள் முதல் நண்பர் பலரும் என்னை மூன்று வினாக்கள் வினவி வருகின்றனர். ‘அது யாருடைய கண்?’ என்பது ஒன்று. ‘இப்பொழுது எல்லாம் நன்றாகத் தெரிகின்றதா?’ என்பது இரண்டு. ‘இன்னுமா இந்தக் கறுப்புக் கண்ணாடி?’ என்பது மூன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுதல் இயலாமையின், கற்றனவும் பட்டனவும் ஒருங்கு சேர்த்து ஈண்டு எழுதப் புகுந்தேன். மருத்துவ நூல் பயிலாத தமிழ் மாணவன் எழுதுவதாகலின், குறையிருப்பின் பொறுத்தருள்க.

கருவிழிப்படலத்தின் இயல்பு

முதற்கண் ஓர் ஐயத்தைக் களைதல் வேண்டும். கண்மாற்று மருத்துவம் என்று மக்கள் வழங்கினும், விழி முழுவதும் மாற்றப்படுவதில்லை. விழியின் முகப்பிலே, கருமணிக்கு முன்னாக, கைக்கடிகாரத்தின் மேலுள்ள கண்ணாடியைப்போலக் கவிந்து நிற்கும் தெளிந்த தோலொன்று உண்டு. அதுவே கருவிழிப்படலம். அதன் குறுக்களவு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். நடுவிடத்துத் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே. இத்துணை மெல்லிய படலத்தையும் ஐந்து அடுக்குகளாகப் பிரித்துரைப்பர் மருத்துவர்.

விழிக்குள் வந்து விழும் ஒளியை வளைத்து ஒருமுகப்படுத்தும் ஆற்றலில் மூன்றில் இரு பங்கு இப்படலத்தினதே. உள்ளிருக்கும் வில்லைக்கு எஞ்சிய பங்கே உரியது. ஆதலின் இப்படலம் தெளிவு குன்றினும் வடிவு குலையினும் பார்வை கெடும் என்பது சொல்லாமலே விளங்கும்.

உடலின் ஏனைய உறுப்புக்களுக்கு இல்லாத சிறப்பொன்று இதற்கு உண்டு. இதனுள் குருதி நாளங்கள் இல்லை. நாளங்கள் ஓடினால் ஒளி ஊடுருவ இயலாதன்றோ? வெளியே கண்ணீராலும் உள்ளே விழிநீராலும் இது உணவு பெறுகின்றது. உயிர்வளியைக் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகப் பெறுகின்றது. குருதி நேரே பாயாமையால், பிறர் படலத்தை அயற்பொருளென்று அறிந்து உடல் எதிர்ப்பதும் இங்கே குறைவு. சிறுநீரகம் முதலியவற்றைப்போலக் கொடுப்போரின் குருதிவகையும் பெறுவோரின் குருதிவகையும் பொருந்துகின்றனவா என்று பெரும்பாலும் பார்க்க வேண்டுவதில்லை. ஒருவர் கண்ணின் படலம் முன்பின் அறியாத மற்றொருவர் கண்ணில் தெளிவு மாறாது வாழ்தல் இதனாலேயே இயல்வதாயிற்று.

இப்படலம் கெடுதற்குக் காரணங்கள் பல. வயலில் வேலை செய்வோர் கண்ணில் நெற்கதிரின் கூர்முனையோ கரும்புத் தோகையோ கீறி, அப்புண்ணிற் பூஞ்சைக் காளான் பற்றி வெண்டழும்பு உண்டாதல் நம் நாட்டிற் பெருவழக்கு. சுண்ணாம்பு, அமிலம் முதலியன தெறித்தலும், குழந்தைகட்கு உயிர்ச்சத்து ‘ஏ’ குறைதலும் பிற காரணங்கள். எனக்கு நேர்ந்தது வேறு. கெரட்டோகோனஸ் என்னும் அந்நோயிற் படலம் நாளடைவில் மெலிந்து கூம்புபோல முன்தள்ளும். இளம்பருவத்தே இது தலைகாட்டும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இதனை மிகுவிக்கும். பள்ளியிற் பயிலுங்காலை ஆண்டுக்கு இருமுறை மூக்குக்கண்ணாடி மாற்றினேன். கண்ணாடிக் கடைக்காரர்க்கு யானே படியளப்பதாக வீட்டில் நகையாடினார்கள். மருத்துவரிடம் செல்லவேண்டும் என்று ஒருவர்க்கும் தோன்றவில்லை. தொடக்கத்திலேயே கண்டால், ரைபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்துத் துளியை இட்டுப் புறவூதாக் கதிரைச் செலுத்திப் படலத்தை உறுதிப்படுத்தி நோயைத் தடுத்து நிறுத்தலாம். என் இடக்கண் அவ்வாறே காக்கப்பட்டது. வலக்கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது. அடிக்கடி கண்ணாடி மாற்ற நேரும் இளைஞர் யாராயினும் இதனைக் கருத்திற் கொள்வாராக.

மாற்று மருத்துவத்தின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய மருத்துவர் இதனை முயன்றனர். விலங்குகளின் படலத்தை மக்கள் கண்ணில் ஒட்டிப் பார்த்தனர், அவை நிலைக்கவில்லை. இன்று செக் குடியரசில் உள்ளதும், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சார்ந்திருந்ததுமான ஓலோமோட்ஸ் என்னும் நகரிலே, 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், எடுவர்டு சிர்ம் என்னும் மருத்துவர் முதல் வெற்றி கண்டார். நோயாளர் அலோயிஸ் குளோகர் என்னும் 45 வயதுடைய உழைப்பாளர். சுண்ணாம்பு பட்டு இரு கண்ணும் வெந்தவர். படலம் வந்தது ஒரு 11 வயதுச் சிறுவனிடமிருந்து. இரும்புத்துணுக்குத் தைத்து அச்சிறுவனின் விழியைக் காக்கவியலாது எடுக்க நேர்ந்தபொழுது, கெடாதிருந்த அதன் படலத்தைச் சிர்ம் குளோகரின் கண்களில் ஒட்டினார். ஒரு கண்ணில் ஒட்டியது பயன்படவில்லை; மற்றக் கண்ணில் ஒட்டியது தெளிவாய் நிலைத்தது. குளோகர் நோய்க்கு முன்னிருந்த பார்வை முழுவதையும் பெற்றாரல்லர். ஆயினும் தம் நிலத்துக்கு மீண்டு தம் வேலையைத் தாமே செய்யும் அளவு பெற்றார். இச்செய்தியை மருத்துவர் வாயிலாக அறிந்த அன்று, அவர் எவ்வளவு கண்டார் என்பதினும் அவர் நிலத்துக்கு மீண்டார் என்பதே என் உள்ளத்தில் நின்றது.

இதன் பின்னர், ஒடெஸ்ஸா நகரிலே விளாதிமிர் பிலாத்தோவ் என்னும் அறிஞர், இறந்தோர் கண்ணினின்று எடுத்த படலமும் பயன்படும் என்பதை 1930-களிற் பல நோயாளரிடம் செய்து காட்டினார். உயிருள்ளார் ஒருவர் விழியை இழந்தாலன்றி மற்றொருவர் பெறவியலாது என்னும் நிலை அதனால் நீங்கிற்று. நியூயார்க்கிலே டவுன்லி பேட்டன் 1944-இற் கண் வங்கியொன்றை நிறுவினார். அடுத்த ஆண்டே, அஃதாவது 1945-இல், இந்தியாவின் முதற் கண் வங்கி நம் சென்னையில் தோன்றியது. 1819-இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் எழும்பூரில் நிலைகொண்ட அரசினர் கண் மருத்துவமனையிலே மருத்துவர் ஆர். இ. எஸ். முத்தையா அதனை அமைத்தார். நம் நாட்டின் முதற் கருவிழிப்படல மாற்றத்தையும் 1948-இல் அவரே செய்தார். தமிழ்நாட்டார் பெருமையோடு நினைவுகூரத்தக்க செய்தி இது. நம் மாணவரிற் பலர் அறியாததும் இது.

அறுவைக்குப் பின் வரும் நாள்கள்

அறுவை எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதைச் சுருங்கக் கூறுவேன். நோயுற்ற படலத்தின் நடுவே ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத்தை வட்டக் கத்தியால் அகற்றி, அவ்விடத்திற் கொடையாளர் படலத்தின் வட்டத்தைப் பொருத்தி, மயிரினும் மெல்லிய நைலான் இழையால் தைப்பர். இக்காலத்தே நோயுற்ற அடுக்கை மட்டும் மாற்றும் முறைகளும் வந்துள்ளன. உள்ளடுக்கை மாற்றியவழி, தையலுக்கு மாறாகக் காற்றுக் குமிழியைச் செலுத்தி, அது புதிய அடுக்கை அழுத்திப் பிடிக்கும்படி நோயாளரை மல்லாந்து கிடக்கச் செய்வர். எனக்குப் படலத்தின் முழுத் தடிப்பும் மாற்றப்பெற்றது, பதினாறு தையல்கள்.

மறுநாட் காலை கட்டவிழ்த்தார்கள். தாயார் அருகில் நின்றிருந்தார்கள். யான் கண்டது பனிமூட்டத்தின் நடுவே ஒரு நிழல். அதன் நிறம் மஞ்சள் என்பது மட்டும் தெரிந்தது. அது அவர்கள் சேலையின் நிறம். “தெரிகிறதா, தம்பி?” என்று கேட்டார்கள். “தெரிகிறது, அம்மா” என்றேன். அவர்கள் அழுதார்கள். மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார், பின்னர்த் தாயார் வெளியே சென்ற நேரத்தில், “உண்மையில் என்ன தெரிகிறது?” என்று மெல்ல வினவினார். உள்ளது உரைத்தேன். “இன்றைக்கு அவ்வளவுதான் தெரிய வேண்டும்” என்றார்.

அச்சொல்லின் பொருள் பின்னரே விளங்கிற்று. குருதியோட்டம் இல்லாத இடமாதலின், படலம் ஆறுதல் மிகமிக மெதுவாக நிகழும். வீக்கம் வடிய வாரங்கள் செல்லும். தையல் ஒவ்வொன்றும் படலத்தை ஒரு பக்கமாக இழுத்து நிற்பதால் பார்வை நாளுக்கொரு விதமாக மாறும். காலையிற் கண்ட எழுத்து மாலையிற் சிதைந்து தோன்றும். தையல்கள் ஓராண்டும் அதற்கு மேலும் இருப்பதுண்டு. அவற்றை அளவறிந்து ஒவ்வொன்றாய் அகற்றி, பின்னரே நிலையான மூக்குக்கண்ணாடியோ, கண்ணின்மேல் அணியும் கடின வில்லையோ தருவர். ஆகவே, ‘எப்போது நன்றாகத் தெரியும்?’ என்னும் வினாவிற்கு விடை, நாள் கணக்கிலன்று, மாதக் கணக்கிலே.

இந்நெடுங்காலத்தே நோயாளர் காக்கவேண்டிய ஒழுக்கங்கள் பின்வருமாறு: மருத்துவர் குறித்த சொட்டு மருந்தை நேரந்தவறாது இடுதல், இடுமுன் கைகழுவுதல், கண்ணைக் கசக்காமை, உறங்குங்கால் கண்மூடி அணிதல், சில வாரங்கட்குத் தலைக்கு நீர் வார்த்துக் கொள்ளாமை, குளம், ஆறு, கடலில் மூழ்காமை, பாரம் தூக்காமை, அடுப்புப் புகைக்கும் தெருப் புழுதிக்கும் விலகியிருத்தல். இவற்றுட் பல, காலம் செல்லச் செல்லத் தளர்த்தப்படும். ஒன்று மட்டும் வாழ்நாள் முழுவதும் நிற்கும்: பொருத்திய விளிம்பு இயற்கைப் படலத்தின் வலிமையை ஒருபோதும் முற்றப் பெறாது. பந்தோ முழங்கையோ வலிந்து தாக்கின் அவ்விளிம்பு பிளக்கக்கூடும். பத்து ஆண்டு கழிந்த பின்னும் இவ்விடர் உண்டு. யான் பந்தாட்டக் களத்தின் ஓரத்திலேயே நிற்பதற்குக் காரணம் இதுவே. ஆட்டத்தில் வெறுப்பு யாதொன்றும் இல்லை.

ஒரு பிழை

இவ்விடத்து யான் செய்த பிழையொன்றைக் கூறுதல் கடமையாகும். பிறர்க்குப் பயன்படும் என்னும் எண்ணத்தாலேயே நாணத்தை விடுத்து எழுதுகின்றேன்.

மூன்று மாதம் கழித்து விடுதிக்குத் திரும்பினேன். எட்டாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வலக்கண் சிவந்தது. மாலையில் விளக்கொளி ஊசிபோலக் குத்திற்று. அன்றுவரை படிக்க முடிந்த அறிவிப்புப் பலகையின் பெரிய எழுத்துக்கள் புகைபோலாயின. ஒட்டிய படலத்தை உடல் ஏற்க மறுக்குங்கால் நான்கு குறிகள் தோன்றும் என்று மருத்துவர் முன்னரே கற்பித்திருந்தார்: சிவத்தல், கூச்சம், பார்வை மங்கல், வலி. இவற்றுள் ஒன்று தோன்றினும் ஒருநாளும் தாழாது வருக என்றும் சொல்லியிருந்தார். அந்நான்கனுள் மூன்று எனக்குத் தோன்றின. எனினும் மறுநாள் எங்கள் துறையின் முத்தமிழ் விழா. அதிற் பேசுவதாக யான் பெயர் கொடுத்திருந்தேன். நோயாளன் என்னும் பெயர் நீங்கி மாணவன் என்னும் பெயரோடு முதன்முதல் மேடையேறும் நாள் அது. ஆதலின் யார்க்கும் சொல்லாது மறைத்தேன். விழா முடிந்தது, ஞாயிறும் கழிந்தது. கேட்டவர்க்கெல்லாம், “நன்றாகத் தெரிகிறது” என்றே கூறினேன். தாயாரிடம் கூறிய அதே சொல்.

ஞாயிறு இரவு, என் அறைத்தோழர் உணவு மேசையில் என்னைக் கூர்ந்து நோக்கி, “அண்ணே, தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றுகிறீர்கள்” என்றார். வேறொன்றும் பேசவில்லை. விடுதிக் காப்பாளரிடம் இசைவு பெற்று, அவ்விரவே பேருந்தேற்றி, விடியற்காலை மருத்துவமனை வாயிலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். மருத்துவர் கடிந்து ஒரு சொல்லும் கூறாமல், மணிக்கொருமுறை இட வேண்டிய ஸ்டீராய்டுத் துளிகளைத் தொடங்கினார். எதிர்ப்பு உரிய காலத்திற் காணப்பட்டால் பெரும்பாலும் அடங்கும். தாமதித்தால், படலத்தின் உள்ளடுக்கிலுள்ள நுண்ணறைகள் அழியும். அவை மக்கள் கண்ணிற் பெருகி மீண்டும் வளர்வனவல்ல. உள்ளே புகும் நீரை வெளியேற்றிப் படலத்தைத் தெளிவாய் வைப்பன அவையே ஆதலின், அவை அழியின் கொடை முழுவதும் வீணாம். எனக்கு மூன்று வாரத்திற் சிவப்பு நீங்கிற்று, படலம் தெளிந்தது. ஆயினும் இன்னும் இரண்டு நாள் தாழ்த்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்னும் எண்ணம் இன்றும் உறக்கத்தைக் கெடுக்கின்றது. இழப்பு எனக்கு மட்டும் உரியதாயிருந்திருந்தால் பொறுத்திருப்பேன். மற்றொருவர் விட்டுச்சென்ற பொருளை ஒரு மேடைப் பேச்சுக்காகத் தோற்றிருப்பேன்.

சுவிசேஷத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடன் ஒருவனுடைய வரலாறு உண்டு. மாற்கு எழுதியதில் மட்டுமே காணப்படுவது அது. ஆண்டவர் அவன் கண்களைத் தொட்டு, ஏதேனும் காண்கின்றாயா என்று வினவுகின்றார். நடமாடும் மனிதர் தனக்கு மரங்கள்போலத் தோன்றுவதாக அவன் விடையிறுக்கின்றான். அவர் இரண்டாம் முறை தொட்ட பின்னரே எல்லாவற்றையும் தெளிவாகக் காண்கின்றான். சிறுவயது முதல் இதனைக் கேட்டிருக்கின்றேன். அவன் விடையின் அருமை இப்பொழுதே விளங்குகின்றது. சுற்றி நின்றோர் அனைவரும் அற்புதத்தை எதிர்நோக்கி நிற்க, ‘முழுதும் தெரிகின்றது’ என்று சொல்லிவிடுதல் அவனுக்கு எளிதாயிருந்திருக்கும். அவன் தெரிந்த அளவே கூறினான். இரண்டாந் தொடுதல் அதனால் அவனுக்குக் கிட்டிற்று.

மக்களிடை மீளுதல்

புண் ஆறுதலைக் காட்டிலும் மக்களிடை மீளுதல் அரிது என்று யான் சொன்னால் மிகையென்று கருதற்க. மருத்துவமனையில் நோயாளர்க்கு ஓரிடம் உண்டு. வெளியே வந்தபின் அவர் குருடரும் அல்லர், முற்றக் காண்பவரும் அல்லர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டோர்க்கு நம் மக்களிடத்தே ஒரு பெயரும் இல்லை. ஆகவே அவர்பால் எவ்வாறு நடந்துகொள்வது என்பதும் யார்க்கும் தெரிவதில்லை.

கல்லூரி முற்றத்தில் எதிரே வரும் ஆசிரியரைப் பத்தடி நெருங்கும்வரை அறியேன், வணங்காது செல்வேன். செருக்குற்றவன் என்று சிலர் கருதினர். ஒளிக்கூச்சத்தால் அணிந்த கறுப்புக் கண்ணாடியைத் திரைப்பட நடிகர் கோலம் என்று சிலர் நகைத்தனர். இரு கண்ணும் ஒத்து இயங்காமையால் ஆழமும் தொலைவும் பிழைபடும்; படியிறங்குங்கால் கடைசிப் படியைத் தேடிக் காலைத் துழாவ நேரும். தமிழ் மாணவனுக்கு இதனினும் பெரிய துன்பமொன்றுண்டு. பழைய உரைகள் சிறு எழுத்தில் அச்சாகியுள்ளன. சிதைந்த பார்வைக்கு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாய்க் கலக்கும், மெய்யின் புள்ளி மறைந்துபோம், ஒரு புள்ளி மறையின் சொல்லே வேறாமன்றோ? எங்கள் வகுப்புத் தோழர் இருவர் மாலைதோறும் உரைப்பகுதிகளை எனக்குப் படித்துக் காட்டினர். அவர்களும் அவற்றை முன்னே படித்தவரல்லராதலின், அவ்வாண்டுத் தேர்வில் எங்கள் மூவர்க்கும் அது பயன்பட்டது.

உறவினர் திருமணமொன்றிற்குச் சென்றிருந்தேன். முதியவராகிய அத்தை முறையினர் ஒருவர் என் முகத்தை வருடுவதற்குக் கையை நீட்டி, “செத்தவங்க கண்ணா அது?” என்று கேட்டுக் கையைப் பின்வாங்கிக் கொண்டார். வெறுப்பினாற் செய்தாரல்லர், அச்சத்தினாற் செய்தார். யான் ஒன்றும் விடையிறுக்கவில்லை. என் தாயார் அவர் கையைப் பற்றி, “ஆமாம் மதினி. அவங்க யாரோ நமக்குத் தெரியாது. தினம் அவங்க வீட்டுக்காக ஜெபம் பண்ணுறோம்” என்றார்கள். அத்தை சற்றுநேரம் பேசாதிருந்து, பின்னர் என் தலையிற் கைவைத்து வாழ்த்தினார். அறியாமையைப் பொறுமையால் வெல்லலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒட்டுப்படலம் பெற்று மீளும் ஒருவரோடு பழகுவோர்க்குச் சில குறிப்புக்கள் கூறுவேன். எதிரே வரும்பொழுது உங்கள் பெயரைச் சொல்லி அழையுங்கள். ‘யார் என்று சொல் பார்ப்போம்’ என்னும் விளையாட்டு வேண்டா. முகத்துக்கு முன் விரல்களை நீட்டி எண்ணச் சொல்லாதீர்கள். அது மருத்துவர் வேலை. கூட்டத்தினுள் நடக்குங்கால் ஒட்டுக்கண் உள்ள பக்கத்தில் நீங்கள் நடவுங்கள். பிறர் முழங்கை படாதிருக்கும். பட்டாசு வெடிக்கும் இடத்திலும் வண்ணப்பொடி தூவும் இடத்திலும் அவரை வற்புறுத்தி நிறுத்தாதீர்கள். எனினும் எல்லாவற்றினின்றும் அவரை விலக்கிவிடாதீர்கள். ‘பாவம், அவனுக்கு முடியாது’ என்று கேளாமலே ஒதுக்குதல், நகையாடுதலைக் காட்டிலும் புண்படுத்தும். எவ்வளவு தெரிகின்றது என்று கேட்டு, அவர் கூறும் விடையை, அது நீங்கள் விரும்பிய விடையன்றாயினும், அவ்வாறே ஏற்றுக்கொள்ளுங்கள்.

மீள்வோர்க்கும் ஒரு சொல். உங்கள் குறையை மறைத்து வைத்துப் பிறரிடம் உதவி எதிர்பார்த்தல் தகாது. கோயிற் பாடற்குழுவில் மீண்டும் சேர்ந்த அன்று, பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படிப்பதுபோல நடித்து நின்றேன். அடுத்த வாரம், “எனக்கு எழுத்துத் தெரியவில்லை, முன்கூட்டியே சொன்னால் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறேன்” என்று தலைவரிடம் கூறினேன். அவர் சனிக்கிழமைதோறும் பாடல்களைப் படித்துப் பதிவுசெய்து அனுப்பினார். இப்பொழுது குழுவிற் புத்தகமின்றிப் பாடுவோர் நால்வர் உளர்.

கொடையும் கடமையும்

‘அது யாருடைய கண்?’ என்னும் முதல் வினா எஞ்சி நிற்கின்றது. அறியேன். கொடையாளர் பெயரைப் பெறுவோர்க்கும், பெறுவோர் பெயரைக் கொடையாளர் குடும்பத்தார்க்கும் கண் வங்கியினர் தெரிவிப்பதில்லை. ஆணோ, பெண்ணோ, எம்மதத்தினரோ, எச்சாதியினரோ, ஒன்றும் அறியேன். ஒன்று மட்டும் அறிவேன். ‘படலம் கிடைத்துள்ளது, உடனே வருக’ என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்த அன்று எங்கள் வீட்டிற் பேருவகை பொங்கிற்று. அந்நாளிலோ அதற்குச் சற்று முன்னோ மற்றொரு வீட்டில் அழுகுரல் எழுந்திருக்கும். அவ்வழுகைக்கு நடுவே யாரோ ஒருவர் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கண் வங்கிக்குச் செய்தி அனுப்பியிருப்பார். இறந்தவருக்குச் செலுத்தும் நன்றியில் அவருக்கும் பங்குண்டு.

தமிழ் மாணவர் கண்ணப்பர் வரலாற்றை அறிவர். காளத்தியிலே தம் வழிபடு கடவுளின் கண்ணிற் குருதி வடியக் கண்ட அவ்வேடர், தம் கண்ணையே அகழ்ந்து அப்பினார் என்று சேக்கிழார் பாடுகின்றார். மற்றக் கண்ணிலும் குருதி வடிந்தபொழுது, இடம் தெரியுமாறு காலை ஊன்றிக்கொண்டு தம் இரண்டாவது கண்ணையும் அகழ முற்பட்டார். சமயம் யாதாயினும் அவ்வன்பின் பெருமையை மறுப்பார் இலர். அவர் உயிரோடிருந்து, நோவு பொறுத்து ஈந்தார். நம்மிடம் வேண்டப்படுவதோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குமன்று. நமக்கு இனிப் பயன்படாத பொருளை, நோவறியாத நிலையில், பிறர்க்கு விட்டுச்செல்லுதலே.

ஆகவே அறியவேண்டுவனவற்றைத் தொகுத்துரைப்பேன். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண் எடுக்கப்படுதல் வேண்டும். ஆதலின் உடனே கண் வங்கிக்குச் செய்தி தெரிவிக்க. அவர்கள் வரும்வரை இறந்தவரின் இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவைக்க. எடுத்தற்கு அரைமணி நேரமும் ஆகாது, முகம் விகாரப்படாது, அடக்கத்துக்கோ தகனத்துக்கோ தடையுமில்லை. முதியோரும், கண்ணாடி அணிந்தோரும், கண்புரைக்கு அறுவை செய்துகொண்டோரும், நீரிழிவுடையோரும் கொடுக்கலாம். எச்.ஐ.வி., வெறிநாய்க்கடி, மஞ்சட்காமாலை நச்சுயிர், குருதிப் புற்று முதலியவற்றால் இறந்தோர் கண்கள் மட்டும் பிறர்க்குப் பொருத்தப்படுவதில்லை. ஒருவருடைய இரு கண்களும் பெரும்பாலும் இருவர்க்குப் பயன்படும். உயிரோடிருக்குங்கால் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது. இறந்தபின் இசைவளிப்போர் குடும்பத்தாரேயாகலின், அவர்களிடம் வாய்திறந்து சொல்லிவைத்தல் அதனினும் இன்றியமையாதது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை நாடெங்கும் கண் கொடைக் காலமாகக் கொண்டாடப்படுகின்றது. நம் கல்லூரியிலும் அவ்விரு வாரங்களில் ஒருநாளை இதற்கென ஒதுக்கினால் நலமாம் என்பது என் வேண்டுகோள்.

இப்பொழுது பதினாறு தையல்களுள் பதினொன்று அகற்றப்பட்டுவிட்டன. மூக்குக்கண்ணாடியோடு வலக்கண்ணால் மருத்துவரின் எழுத்துப் பலகையிற் பாதிவரை படிக்கின்றேன். சிறு எழுத்து இன்னும் கைகூடவில்லை. சென்ற விடுமுறையில் வீட்டில் அமர்ந்திருந்தபொழுது, தாயார் அடுக்களை வாயிலில் நின்று, “இங்கிருந்து என் முகம் தெரிகிறதா, தம்பி?” என்று கேட்டார்கள். “சேலைக் கரையும் மூக்குத்தியும் தெரிகின்றன, கண் தெரியவில்லை, அம்மா” என்றேன். அவர்கள் இரண்டடி முன்னே வந்து, “இப்போ?” என்றார்கள்.